பள்ளிவாசல் சுவரில் ஓடிய பெயர்

ஏறாவூரில் ஷிஹான் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். இன்ஜினியர் ஷிஹான் என்று கேட்டால் ஒரே வீடுதான். வாவிக்கரைப் பக்கம் இறங்கும் தெருவில், முன்னால் போன் திருத்தும் கடையும் பின்னால் குடியிருப்புமாக இருக்கும் வீடு. அவன் எந்தக் கம்பஸிலும் படித்தவனில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தரமும் கைவிட்டுப் போனது. மாங்கேணியில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியில் கட்டி வந்து விற்ற வாப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை அது. கல்யாணம் முடித்த மறு வருடமே கட்டாருக்குப் போய், ஏசி திருத்தும் கொம்பனி ஒன்றில் மாடி மாடியாக ஏறி இறங்கி, தலையில் முடி குறையத் தொடங்கிய வயதில் ஊருக்கு வந்து கடை போட்டான். இன்ஜினியர் என்ற பட்டம் அவனுக்கு ஒரு கடிகாரத்தால் கிடைத்தது.

அந்தக் கடிகாரம் அவனுடைய தெருப் பள்ளிவாசலில், இமாம் நிற்கும் மிஹ்ராபுக்கு வலப்பக்கச் சுவரில் தொங்குகிறது. ஐந்து நேரத் தொழுகைக்கும் பாங்கு எப்போது, தொழுகை தொடங்கும் இகாமத் எப்போது என்று சிவப்பு வெளிச்ச எழுத்தில் காட்டும். திகதி மாற மாற நேரங்களைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். அது வருவதற்கு முன் கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதிப் போடுவார் பாங்கு சொல்லும் மோதினார் இப்றாஹிம். ஷிஹான் கட்டாரிலிருந்து கடிகாரத்தைக் கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்து மாட்டிய அன்று பள்ளித் தலைவர் ஹாஜியார் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இத எங்க மனெ வாங்கின?"

"வாங்கல்ல ஹாஜியார். நாங்க செஞ்ச."

நாங்க என்று அவன் சொன்னது பொய்யில்லை. தோஹாவில் அவனோடு ஒரே அறையில் மேல் கட்டிலில் படுத்தவன் மதுரன். வெல்லாவெளிப் பொடியன், ஷிஹானைவிட ஐந்தாறு வயது இளையவன். வேலை ஏசிதான் என்றாலும் அவனுக்குப் பைத்தியம் முழுக்கச் சின்னச் சின்ன எலெக்ட்ரோனிக் போர்டுகளில். விரல் நீளம்கூட வராத நீல நிறப் போர்டு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் ஒரு கறுப்புச் சிப். அந்தச் சிப்புக்குள் நாம் எழுதி ஏற்றும் புரோகிராம் எதுவோ, போர்டு அந்த வேலையைச் செய்யும். ஒன்றும் ஏற்றாவிட்டால் அது வெறும் தகரம் மாதிரி. உலகம் முழுக்கப் பொழுதுபோக்குக்காரர்கள் அதை மாத்திரையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று மதுரன் சொன்னான். அறையில் அதற்கு நீலக் குளிசை என்றே பெயர் விழுந்தது.

ஊர்ப் பள்ளிக்கு நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று வேண்டும் என்று ஷிஹான்தான் ஆசைப்பட்டான். புரோகிராம் முழுவதையும் மதுரன் எழுதினான். வெள்ளிக்கிழமை லீவெல்லாம் அதற்கே போயிற்று. ஷிஹான் அலுமினியத்தில் சட்டம் வெட்டினான், வெளிச்சப் பலகைகளுக்கு வயர் ஓட்டினான். மட்டக்களப்பு மாவட்டத்துத் தொழுகை நேரங்களை ஒரு வருடத்துக்கும் போனில் பார்த்து வாசித்தான். மதுரன் தட்டிக்கொண்டே போனான். "மறுகா அஸர் சொல்லு" என்பான். "கொஞ்சம் மெல்லமா வாசி, சுபஹும் மஃரிபும் மாறிப் போச்செண்டா உன்ட ஊராக்கள் என்னைத்தான் ஏசுவாங்க" என்பான். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு காரியம் கேட்டான்.

"மச்சான், கரண்ட் வந்த உடன என்ட பேர ஒருக்கா ஓட விடட்டா? ரெண்டு செக்கன்ட்தான். பொறகு நேரம் வந்திடும்."

"போடு மச்சான்" என்றான் ஷிஹான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

யாரும் தெரியாமல் நோண்டிக் கெடுத்துவிடக் கூடாது என்று மதுரன் கடைசியில் சிப்புக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டான். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கவோ மாற்றவோ முடியாத பூட்டு.

ஊரில் முதல் சில கிழமைகள் ஷிஹானின் வாயில் "நாங்க" என்றுதான் வந்தது. கேட்டவர்கள் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். நாங்க யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், தலைமுடி வெட்டும் கடையில், "நான் அதுக்கு ஏழெட்டு மாசம் மினக்கெட்டன்" என்று சொன்னான். சொன்னபோது காது மடல் சுட்டது. அடுத்த தரம் சொன்னபோது சுடவில்லை. வீட்டில் அவன் மனைவி முப்லிஹா இருந்தாள். தோஹாவிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் போனில் "மதுரன் இண்டைக்கு எழுத்து ஓட வச்சிட்டான் புள்ள, பாக்கணும் நீ" என்று அவனே சொல்லக் கேட்டவள் அவள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது அவன் "நான்" என்று சொல்வது அவள் காதிலும் விழும். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவன் நினைத்ததுண்டு.

பெயர் மட்டும் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆங்கில எழுத்தில் மதுரன் என்று சிவப்பாக ஓடி மறையும், பிறகு நேரங்கள் வரும். அது என்னவென்று தலைவர் ஒரு தரம் கேட்டதற்கு, "அது அந்தப் போர்ட் செய்யிற கொம்பனிட பேர்" என்று சொல்லி வைத்தான்.

போன நோன்புக்கு முன்னால் பள்ளியில் பெண்கள் பகுதி புதிதாகக் கட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்கு வெளியூரிலிருந்து மார்க்கம் படித்த ஆலிம்கள் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குக் கடிகாரம் செய்து தந்ததற்காக ஷிஹானுக்கும் ஒரு பொன்னாடை போர்த்துவதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. ஆலிம்களில் ஒருவர் காத்தான்குடியில் கணினி படிப்பிப்பவர் என்று கேள்விப்பட்டான். விழா நடக்கும்போது கரண்ட் போய் வந்தால்? அந்தப் பெயர் ஓடினால்? கொம்பனி என்று அவரிடம் சொல்ல முடியுமா?

ஒரு பகல், பள்ளியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றி நீலப் போர்டை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மடிகணினியில் பொருத்தினான். பெயர் இருக்கும் இடத்தை மட்டும் தேடி மாற்றிவிடலாம் என்பது அவன் எண்ணம். போர்டு பூட்டியிருப்பதாகக் கணினி சொன்னது. பூட்டை எடுக்கும் வழியை யூடியூப்பில் ஹிந்திக்காரன் ஒருவன் காட்டிக்கொண்டிருந்தான். கட்டாரில் பழகிய ஹிந்தி அவனுக்குப் போதுமாயிருந்தது. அந்த இடத்தை அமுக்கியதும் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. அழியும் என்ற சொல்லை அவன் கண்டான். பூட்டுத்தான் அழியப்போகிறது என்று நினைத்தான். வாழ்நாள் முழுக்கப் போன் மென்பொருள்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் ஓம் கொடுத்த விரல், அதற்கும் ஓம் கொடுத்தது.

பூட்டு எடுபட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து, திரும்பத் திரும்ப. வரிவரியாகக் கீழே இறங்கிப் பார்த்தான். எங்கும் அதே எழுத்துத்தான். பூட்டைக் கழற்றினால் உள்ளே உள்ள அத்தனையும் அழிந்துபோகும்படிதான் அந்தச் சிப்பைச் செய்திருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு விளங்கியது. ஹிந்திக்காரன் அதையும் சொல்லியிருந்தான். ஷிஹான் அந்த இடத்துக்கு வருமுன்னமே அமுக்கிவிட்டிருந்தான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனால் சுவரில் கடிகாரம் இருட்டாக இருந்தது.

"என்ன மனெ, இதுக்கு என்ன நடந்த?" என்று இப்றாஹிம் மோதினார் கேட்டார்.

"கரண்ட் கூடி வந்திருக்கு. போர்ட் அடிச்சிட்டுப் போல. பாப்பம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கரண்ட் கந்தோர்க்காரர்களை நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பழைய கரும்பலகையை வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோக்கட்டியால் நேரங்களை எழுதிப் போட்டார். ஷிஹான் அன்று கடைசி ஸப்பில், எல்லாருக்கும் பின் வரிசையில், நின்று தொழுதான்.

அடுத்த சில நாள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் வேறு வேலை பார்க்கவில்லை. இணையத்தில் இப்படிப்பட்ட கடிகாரத்துக்கு ஆட்கள் இலவசமாகப் போட்டிருந்த புரோகிராம்களைத் தேடி எடுத்தான். ஒன்று ஏறவே இல்லை. ஒன்று ஏறியது, பழைய வெளிச்சப் பலகை ஒன்றில் கொடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் துண்டு துண்டாக உடைந்து வந்தது. இன்னொன்று சுத்தமாக வேலை செய்தது. ஆனால் அது இந்தோனேசியக்காரர்கள் செய்தது. நேரமும் அங்கத்தைய நேரம், பெயர்களும் அவர்களுடைய பாஷை. அதை எப்படி ஏறாவூருக்கு மாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். மதுரன் இப்படி ஒன்றைத் தன் கண் முன்னால் மாதக்கணக்காக எழுதினான், ஒரு வரிகூட நான் கேட்டுப் படிக்கவில்லையே என்று பட்டது.

முப்லிஹா கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மதுரன் தம்பிக்கிட்டக் கேட்டா என்ன?"

அவன் திரும்பவில்லை. அவன் ஊருக்கு வந்த பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம்.

"அவன்ட நம்பர் இல்ல" என்றான்.

"என்ட போன்ல இரிக்கி. அண்டைக்கு ஒங்கட போன் உடைஞ்ச நேரம் அதாலதானே எடுத்த."

மதுரன் கொரோனா காலத்திலேயே ஊருக்கு வந்து வேளாண்மை செய்கிறான் என்று ஷிஹானுக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு தரம் பேசியிருக்கிறார்கள். பள்ளியில் கடிகாரம் மாட்டிய படம் ஒன்றையும் ஷிஹான் அனுப்பியிருந்தான். "பேர் வருதா மச்சான்?" என்று மதுரன் எழுதிக் கேட்டிருந்தான். "ஓம் வருது" என்று பதில் போட்டான். பிறகு மதுரன் எடுத்த அழைப்புகளுக்கு ஷிஹான் பதில் சொல்வது குறைந்து, நின்றுபோனது.

போன் எடுக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. நேரிலேயே போவோம் என்று போர்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். மட்டக்களப்பு கடந்து, கல்லடிப் பாலம் ஏறி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று போய், பட்டிருப்புப் பாலத்தால் வாவியைத் தாண்டி அப்பால் இறங்கினால் வீதியின் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்ததும் முடியாததுமான வயல். வெல்லாவெளியில் விசாரித்தபோது, மதுரன் வட்டைக்குள், வயல்வெளியில், நிற்பதாகச் சொன்னார்கள். வெட்டு மெசின் பின்னால் சாக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஷிஹானைக் கண்டதும் சாக்கை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வரம்பால் ஓடி வந்தான்.

"எங்க மச்சான் செத்துப் போனாய் இவ்வளவு காலமும்?" என்று தோளில் அடித்தான். உடம்பு முழுக்க நெல்லுச் சுணை. கோபம் எதுவும் முகத்தில் இல்லை. ஷிஹானுக்கு அதுவே பெரிய பாரமாயிருந்தது.

வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவனுடைய அம்மா சீதேவிப்பிள்ளை கதிரை எடுத்துப் போட்டு, "இவரா அந்தப் பள்ளி மணிக்கூடு செஞ்ச தம்பி? உன்னோட இருந்தவர்?" என்று மகனைக் கேட்டார்.

"ரெண்டு பேரும்தான் அம்மா செஞ்ச" என்றான் மதுரன்.

ஷிஹான் போர்டை எடுத்து மேசையில் வைத்தான். கரண்ட் கூடி வந்து அடித்துவிட்டது என்றான். மதுரன் தன் பழைய மடிகணினியை அலுமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, போர்டைப் பொருத்திப் பார்த்தான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.

"இதில இந்தோனேசியாக்காரன்ட புரோகிராம் ஒண்டு கிடக்கு."

"நான்தான் ஏத்திப் பாத்தன்."

"கரண்ட் அடிச்சா சிப் செத்துப் போகும் மச்சான். இது உசிரோட இரிக்கி. நான் போட்ட பூட்டையும் காணல்ல." அவன் ஏறிட்டுப் பார்த்தான். "நீ பூட்டைக் கழட்டியிருக்காய். என்னத்துக்கு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீதேவிப்பிள்ளை குசினிக்குள் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தார், அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான். ஷிஹானின் வாயில் வந்தது வேறு.

"அந்தப் பேர்... பள்ளிக்குள்ள தமிழ்ப் பேர் ஓடுறது சில ஆக்களுக்குப் பிடிக்கல்ல மச்சான். உனக்குத் தெரியும்தானே எங்கட ஆக்கள். விழா ஒண்டும் வருது. அதான் அத மட்டும் எடுப்பம் எண்டு..."

அந்தப் பெயரைப் பற்றி ஊரில் ஒருவர்கூட ஒரு குறை சொன்னதில்லை. தன் பெருமையை மறைக்க ஊரையே இழுத்து முன்னால் நிறுத்திவிட்டான். அதுவும் எந்த இரண்டு ஊருக்கு நடுவில்? அவன் சிறுவனாக இருந்த யுத்த காலத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் நடந்த கொலைகளை ஏறாவூரும் மறக்கவில்லை, இந்தப் பக்கத்து ஊர்களும் மறக்கவில்லை. தோஹாவில் அந்த அறையில் இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே அதைத் தாண்டி வந்திருந்தார்கள்.

மதுரன் கழுத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்துக் கீழே போட்டான்.

"அதுவும் சரிதான்" என்றான் பிறகு. "எங்கட கோயிலுக்குள்ள ஷிஹான் எண்டு ஓடினா எங்கட ஆக்களும் கதைப்பாங்கதான். நீ அப்பவே சொல்லியிருக்கலாம். நான் மனசில ஒண்டும் நினைச்சிருக்க மாட்டன்."

புரோகிராம் அந்தக் கணினியில் அப்படியே இருந்தது. அவர்கள் சேர்ந்து தட்டிய நேரங்களும் இருந்தன. மதுரன் கீழே இறங்கி இறங்கிப் போய், தன் பெயர் இருந்த வரியில் நின்றான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். ஷிஹான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்ப ஏற்றியதும் போர்டில் இருந்த சின்ன வெளிச்சம் சீராகக் கண் சிமிட்டத் தொடங்கியது. "சிப் சரி" என்றான் மதுரன். "பலகையில குடுத்துப் பாக்காம இத நம்பேலாது. நானும் வாறன். சுவரில மாட்டினதையும் நான் இன்னும் காணல்லதானே."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் ஷிஹானுக்குக் கிடைக்கவில்லை. மதுரன் குளித்து, வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். வழியில் வழக்கத்துக்கு மாறாக அவன் கதைக்கவில்லை.

அஸர் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார்கள். பள்ளி வாசலில் மதுரன் தயங்கி நின்றான். செருப்பைக் கழற்றி ஒதுக்குப்புறமாக வைத்தான். "நான் வரலாமா? இல்லாட்டி நீ கொண்டு போய் மாட்டு, நான் இதில நிக்கிறன்" என்றான் மெல்ல. அதற்குள் இப்றாஹிம் மோதினார் கண்டுவிட்டார். "வாங்க தம்பி, என்ன வெளிய நிக்கிற? காலக் கழுவிட்டு வாங்க" என்று குழாயைக் காட்டினார்.

போர்டைப் பொருத்தினார்கள். மதுரன் ஏணியில் ஏறி வயர்களைத் தொட்டுப் பார்த்து, நேரத்தைச் சரிசெய்து, சுவிட்சைப் போடச் சொன்னான். சிவப்பாக நேரங்கள் வந்தன. மஃரிப், இஷா, சுபஹ். தலைவர் ஹாஜியாரும் வந்து சேர்ந்திருந்தார். எல்லாருக்கும் சந்தோஷம். மோதினார் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதுரன் வரல்லியே" என்றார்.

ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மதுரன் நின்றுவிட்டான். "என்ன சொன்னீங்க?"

"அது தம்பி, கரண்ட் வந்தா முதல்ல மதுரன் எண்டு எழுத்து ஓடும். அதுக்குப் பொறகுதான் நேரம் வரும். ஓத வாற சின்னப் புள்ளையெல்லாம் 'மதுரன் வந்திட்டான்' எண்டு சத்தம் போடுங்க. அதக் கேட்டுத்தான் நானே உள்ளுக்கு வருவன். இப்ப அதக் காணல்ல. வேற ஏதும் பழுதோ?"

"அது போர்ட் செய்யிற கொம்பனிட பேர்தானே" என்றார் ஹாஜியார். "இன்ஜினியர் சொன்னார். அது இல்லாட்டியும் பரவாயில்ல. எண்டாலும் ஒரு பழக்கமாப் போச்சு எங்களுக்கு."

மதுரன் ஏணியின் நடுப்படியில் நின்றபடி ஷிஹானைப் பார்த்தான். அந்தப் பார்வையில் முதலில் கேள்விதான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வருவது ஷிஹானுக்கே தெரிந்தது. பிடிக்காத ஆட்கள் யாரும் இங்கே இல்லை என்பது. இன்ஜினியர் என்பது யார் என்பது. கொம்பனி என்பது எது என்பது.

"தம்பி ஆரு? எந்த ஊர்?" என்று ஹாஜியார் கேட்டார்.

ஷிஹான் வாயைத் திறந்தான். மதுரன் முந்திக்கொண்டான்.

"வெல்லாவெளி. ஷிஹானோட கட்டார்ல ஒண்டா வேலை செஞ்ச. சும்மா பாக்க வந்தனான்." ஏணியால் இறங்கினான். "அது கொம்பனிப் பேர்தான். புதுப் புரோகிராமில அது வராது. வேற பழுது ஒண்டும் இல்ல."

ஷிஹான் கீழே விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் ஒரு சொல் போதுமாயிருந்தது. இவன்தான் மதுரன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மோதினார் சிரித்திருப்பார், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அவன் சொல்லவில்லை. அவனுக்காக இன்னொருவன் பள்ளிக்குள் நின்று பொய் சொல்ல, அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வரச் சொன்னதற்கு மதுரன் மறுத்துவிட்டான். நாளைக்கும் வெட்டு இருக்கிறது என்றான். கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கும் பஸ்ஸில் போவதாகச் சொன்னான். பிரதான வீதியில் பஸ் வரும்வரை இருவரும் நின்றார்கள்.

"மதுரன், நான்..."

"கேட்டிருந்தா உன்ட பேரையே போட்டுத் தந்திருப்பன்" என்றான் மதுரன். வீதியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். "அது எனக்குப் பெரிய விசயமில்ல. விளையாட்டுக்குப் போட்டது. ஆனா நீ உன்ட ஆக்களச் சொன்னாய். நான் அத நம்பிட்டன். பட்டிருப்புப் பாலத்தில இருந்து இங்க வருமட்டும் எனக்குப் பயம். உள்ளுக்குப் போகக்குள்ள ஆராவது ஏதும் சொல்லப் போறாங்களோ எண்டு கால் கூசிச்சு. அந்த மனிசன் காலக் கழுவிட்டு வாங்க எண்டு கூப்பிடுறார். அவரப் பத்தி நான் வழி முழுக்க என்ன நினைச்சுக்கொண்டு வந்தன் எண்டு உனக்குத் தெரியுமா?"

பஸ் வந்தது. அவன் ஏறி உள்ளே போய்விட்டான்.

அன்று மாலை ஷிஹான் மஃரிபுக்குப் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டு அறையில் பாயை விரித்துத் தொழுதான். முப்லிஹா வந்து வாசலில் நின்றாள். நடந்ததை அவளிடம் சொன்னான். ஊரைப் பற்றித் தான் சொன்ன பொய்யையும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, "பிழை என்னிலயும்தான்" என்றாள். "நானும் வாய் மூடிக்கொண்டுதானே இருந்த."

விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் அவன் சொல்லிவிட்டான். இந்தக் கடிகாரத்தைச் செய்தவர் வெல்லாவெளி மதுரன். சட்டம் வெட்டியதும் நேரம் வாசித்ததும்தான் நான். கொம்பனிப் பேர் என்று நான் சொன்னது பொய். அந்த மதுரன்தான் போன கிழமை இதே பள்ளிக்குள் வந்து ஏணியில் ஏறி இதைத் திருத்தியவர். சபையில் ஒரு சலசலப்பு வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது வேறு. அடுத்துப் பேசிய ஆலிம், செய்த நன்மையைத் தன்னுடையது என்று சொல்லாமல் கூட்டாளியின் பக்கம் தள்ளிவிடுகிற இப்படிப்பட்ட மனிதர்கள் இந்தக் காலத்தில் அரிது என்று நீளமாகப் பேசினார். ஹாஜியார் கண்ணைத் துடைத்தார். பொய் என்று அவன் சொன்ன சொல்லை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் கண்டவர்கள் முன்பைவிட மரியாதையாக ஸலாம் சொன்னார்கள். இன்ஜினியர் என்ற பெயர் இன்னும் இறுகிப்போனது.

மோதினாரிடம் மட்டும் தனியாகப் போய்த் திரும்பவும் சொன்னான். அவர் நம்பினார். "அந்தப் புள்ளைக்கு நான் ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்கல்லியே" என்றார். அதைக் கேட்டபோது ஷிஹானுக்கு அழுகை வந்துவிட்டது.

மதுரனுக்கு நாலைந்து தரம் போன் எடுத்தான். எடுபடவில்லை. விழாவில் பேசியதை யாரோ பதிவு செய்திருந்தார்கள், அதை அனுப்பி வைத்தான். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நோன்பு முடிந்து பெருநாளும் போனது. ஓட்டமாவடிப் பள்ளி ஒன்றின் ஆட்கள் தங்களுக்கும் இப்படியொரு கடிகாரம் வேண்டும் என்று வந்து நின்றபோது, எனக்குச் செய்யத் தெரியாது என்று சொல்லி மதுரனின் நம்பரைக் கொடுத்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் கேள்விப்பட்டோம், நீங்கள் இப்படித்தான் சொல்வீர்களாம் என்றார்கள். என்றாலும் நம்பரை எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை மதுரனே அழைத்தான். ஓட்டமாவடிக் கடிகாரத்துக்கு வெளிச்சப் பலகை போதவில்லை, ஏறாவூரில் கிடைக்குமா என்று கேட்டான்.

"என்னட்ட இரிக்கி மச்சான். நான் கொண்டு வந்து தாறன்."

"இல்ல, நீங்க வர வேணாம்" என்றான் மதுரன். குரலில் கோபம் இல்லை. கடைக்காரர் ஒருவரோடு பேசுவது போல இருந்தது. "பஸ்ஸில குடுத்து விட்டீங்க எண்டாப் போதும். நான் களுவாஞ்சிக்குடியில நிண்டு எடுக்கிறன்."

தோஹாவில் ஒரே அறையில் இருந்த காலம் முழுக்க மதுரன் அவனை நீங்க என்று கூப்பிட்டதில்லை.

ஷிஹான் இருந்த பலகைகளில் நல்லவையாகப் பார்த்து எடுத்தான். ஒவ்வொன்றையும் மேசையில் எரியவிட்டுச் சரிபார்த்தான். மூலை உடையாமல் அட்டை வைத்துச் சுற்றிக் கட்டினான். களுவாஞ்சிக்குடியால் போகும் கல்முனை பஸ் வரும் நேரம் பார்த்து வீதிக்குக் கொண்டுபோய், நடத்துனரின் கையில் கொடுத்து, மெல்லமாக வைக்கச் சொல்லி, யாருக்கு என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பிவிட்டு வந்து கடையைத் திறந்தான்.